யாருக்காகத் தைத்த கவசம்?

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். 'சினிமாவைப் பத்தியே நம்மாளுங்க இன்னும் ஒழுங்கா எழுதி முடிக்கல. அதுக்குள்ள இதுவா?' என்றார். அதில் நியாயம் உண்டுதான். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. 'அதுல என்னய்யா இருக்கு? பொம்மைக்குச் சட்டை மாட்டி விடறதுதானே?'

பொம்மைக்குச் சட்டை மாட்டி விடுவதுதான். ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சட்டையைப் பற்றி மட்டுமே எழுதுவது என்றும் அப்போதே முடிவு செய்தேன். கதை, போர், புதிர், வரைகலை என்று இவ்வகை விளையாட்டுகளைப் பற்றி வழக்கமாகப் பேசப்படும் எதையும் பெரிதாகத் தொடாமல், நாயகன் உடம்பின்மேல் கண்ணுக்குத் தெரிகிற துணியும் தோலும் இரும்பும் என்ன அர்த்தத்தை உற்பத்தி செய்கின்றன என்று பார்ப்பதே நோக்கம்.

எடுத்துக்கொண்ட பிரதி, நிண்டெண்டோ 2017 மார்ச் 3-இல் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்'. இயக்கியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. லிங்க் என்ற வாலிபன் நூறாண்டுத் தூக்கத்திலிருந்து ஒரு குகைக்குள் விழிக்கிறான். உடம்பில் உள்ளாடை மட்டும். நினைவு கிடையாது. குரலும் கிடையாது, மற்றவர்கள் பேசுவார்கள், இவன் தலையாட்டுவான். குகையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் பழைய சட்டை, மற்றதில் நைந்த கால்சட்டை. பெட்டியைத் திறக்காமலும் வெளியே போகலாம். ஹைரூல் என்கிற அந்த நாட்டின் முதல் மலைமேட்டை அரைநிர்வாணமாகவே சுற்றி வரலாம். பனிப் பகுதிக்குப் போனால் குளிரில் உயிர் குறையும். காரமான மிளகாயைப் போட்டுச் சமைத்துத் தின்றால் கொஞ்ச நேரம் தாங்கும். அங்கே திரிகிற கிழவர் ஒருவர் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை ஒன்றைத் தருவார். ஆக, பேச்சில்லாத இந்தத் தன்னிலை உலகத்தோடு பேசுகிற முதல் மொழி உடுப்புதான்.

என் அக்கா மகன்தான் எனக்கு இதை விளையாடக் கற்றுக்கொடுத்தவன். அவன் அந்தக் கிழவரின் சட்டையைப் போடவில்லை. கூடுதல் பகுதிகளுக்குத் தனியாகக் காசு கட்டியவர்களுக்கு அதே மேட்டில் மூன்று பெட்டிகள் கிடைக்கின்றன. அதில் ஒன்றுக்குள் சிவப்பு டீ-ஷர்ட். நெஞ்சில் விளையாட்டுக் கருவியின் வணிகச் சின்னம். லிங்குக்கு அதை மாட்டிவிட்டான். கிழவர் தான் யார் என்று வெளிப்படுத்துகிற கட்டம் வந்தது. இறந்துபோன மன்னர் அவர். நாடு அழிந்ததை, தன் மகள் நூறாண்டாகத் தனியாக அந்தத் தீமையை அடக்கிக்கொண்டிருப்பதைத் தழுதழுத்துச் சொல்கிறார். எதிரே கம்பெனி விளம்பரச் சட்டையில் நம் நாயகன், பவ்யமாக. 'மாமா, பாருங்க பாருங்க' என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் ஒரு சங்கடம் தங்கிவிட்டது. இந்தச் சங்கடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

ரொலான் பார்த் 1955-இல் நாடக உடைகளின் நோய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உடை நாடகத்தின் சமூக அர்த்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அதை மீறித் தனக்காகவே வளர ஆரம்பித்தால் நோய். மூன்று நோய்களைச் சொல்கிறார்: வரலாற்று நுணுக்கத்தின் மீதான வெறி, நாடகத்தோடு ஒட்டாத அழகு, பணத்தைக் காட்டும் ஆடம்பரம். சிவப்பு டீ-ஷர்ட் மூன்றாவது நோயின் பச்சையான வடிவம். கடையில் விற்கும் அமீபோ பொம்மைகளைக் கருவியில் தட்டினால் பழைய ஜெல்டா விளையாட்டுகளின் உடைகள் பெட்டியில் வந்து விழுவதும் அதே நோய்தான். ஆனால் விளையாட்டுக்கென்றே நான்காவது ஒன்றும் இருக்கிறது. பார்த் காலத்தில் அது கிடையாது. அதற்கு எண்நோய் என்று பெயர் வைக்கலாம்.

இவ்வகை விளையாட்டுகளில் உடை என்பது கண்ணுக்குத் துணி, கணக்குக்கு எண். இந்தத் தொப்பிக்குத் தற்காப்பு நான்கு, அந்தத் தொப்பிக்கு ஏழு. ஏழு என்றால் மாட்டவேண்டியதுதான், கோமாளி மாதிரி இருந்தாலும். 2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இந்தக் கோமாளித்தனம் தாங்காமல், 2011-இல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். எண்ணுக்காக ஒன்றை அணிந்துகொண்டு, தோற்றத்துக்கு வேறொன்றைக் காட்டிக்கொள்ளலாம். அமைப்பியல் வாசித்தவர்களுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. குறிப்பானையும் குறிப்பீட்டையும் அதிகாரபூர்வமாக விவாகரத்து செய்து வைத்துவிட்டார்கள்.

'பிரெத் ஆஃப் த வைல்ட்' இந்த விவாகரத்தை ஏற்கவில்லை. அதன் முதல் சிறப்பு இதுதான் என்பேன். குளிர் தாங்கும் உடை பார்க்கவும் குளிர் தாங்கும் உடையாக, இறகும் பஞ்சுமாகத்தான் இருக்கிறது. ஒளிந்து நடக்கும் உடை உடம்போடு ஒட்டிய துணி. முதுகில் தெரிகிற வாளும் கேடயமும் வில்லும் வெறும் அலங்காரமில்லை. இடிமழையில் இரும்பு ஆயுதம் பொறி தட்டத் தொடங்கும். கழற்றி வைக்காவிட்டால் மின்னல் உங்கள் தலையில்தான். மரக்கேடயம் தீப்பிடிக்கும். நெருப்பு வாளை முதுகில் மாட்டிக்கொண்டால் பனியில் குளிராது. அதாவது எண்ணுக்கு முன்னால் பொருள் இருக்கிறது, பொருளுக்கு ஒரு குணம் இருக்கிறது. மாட்டுவதும் கழற்றுவதும் இங்கே வானிலையோடு நடத்துகிற உரையாடல்.

ஆனாலும் எண்நோய் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. தேவதைகளிடம் அரக்கர்களின் கொம்பையும் நகத்தையும் கொடுத்து உடையை வலுவாக்கலாம். வலு ஏறும், துணியில் ஒரு தையல்கூட மாறாது. உடை மாற்றுவதற்கு நேரமும் பிடிப்பதில்லை. மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்தி, தலை முதல் கால் வரை மாற்றிக்கொண்டு தொடர்ந்து விழலாம். உடுத்தும் செயல் அங்கே நிகழ்ச்சியாவதே இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1986-இல் வந்த முதல் ஜெல்டாவில் லிங்க் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள். அவனுக்குக் கிடைத்தவை மூன்றே வண்ணங்கள். அதில் ஒன்றைச் சட்டைப் பச்சைக்குக் கொடுத்தார்கள். கடையில் 250 கொடுத்து நீல மோதிரம் வாங்கினால் படும் அடி பாதியாகும். விரலில் மோதிரத்தைக் காட்டப் புள்ளிகள் ஏது? சட்டையையே நிறம் மாற்றிவிட்டார்கள். சிவப்பு மோதிரத்துக்குச் சிவப்புச் சட்டை. வறுமையில் பிறந்த உத்தி, ஆனால் நேர்மையான உத்தி. உடம்பில் நடந்தது உடையில் தெரிகிறது.

1998-இல் 'ஒகரினா ஆஃப் டைம்' அந்தப் பச்சைக்கு ஒரு சமூகத்தைக் கொடுத்தது. கோகிரி என்ற காட்டுக் குழந்தைகள், வளராதவர்கள், எல்லாரும் பச்சை. லிங்கும் பச்சை. ஆனால் அவன் அந்த இனம் இல்லை. நான் உங்களில் ஒருவன் என்று உடை சொல்லிக்கொண்டே இருக்க, ஏழாண்டு தூங்கி எழுந்ததும் உடம்பு வளர்ந்து நின்று அதை மறுக்கிறது. அந்தப் பெரிய அளவுப் பச்சைச் சட்டையை யார் தைத்தார்கள் என்று விளையாட்டு சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. 2002-இல் ஜப்பானில் வெளியான 'விண்ட் வேக்கர்' இந்தப் பச்சையையே கேலிக்குள்ளாக்கியது. அந்தத் தீவில் அது பையன்களுக்குப் பிறந்தநாளில் பாட்டி போட்டுவிடும் சடங்கு உடை. அதைவிட, விளையாட்டை ஒருமுறை முடித்துவிட்டு இரண்டாம் முறை தொடங்கினால், பாட்டி கொடுக்கிற வீரனின் புத்தாடை நம் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டர்சன் கதை அரசனின் புத்தாடையேதான். லிங்க் கடைசிவரை வீட்டுச்சட்டையிலேயே உலகத்தைக் காப்பாற்றுகிறான். ஒரு பெரிய வணிக நிறுவனம் தன் தலையாய சின்னத்தை இப்படி உரித்துப் பார்த்தது ஆச்சரியம்தான்.

2017-இல் பச்சை போய் நீலம் வந்தது. காகாரிகோ கிராமத்தில் இம்பா என்ற கிழவி, லிங்க் இழந்த நினைவுகளில் ஒன்றையாவது மீட்டு வந்த பின்பு ஒரு நீலச் சட்டையைத் தருகிறாள். நூறாண்டுக்கு முன்பு அவன் அணிந்தது. கூடப் போரிட்டு இறந்த நால்வரும் அதே நீலத்தைத்தான் அணிந்திருந்தார்கள், ஒருவர் கழுத்தில் சால்வையாக, ஒருத்தி இடுப்பில் துணியாக. மீட்கிற நினைவுக் காட்சிகளில் லிங்க் அந்த நீலத்தில்தான் இருப்பான். நிகழ்காலக் காட்சிகளிலோ நாம் எதை மாட்டினோமோ அது: சிவப்பு டீ-ஷர்ட், அரக்கன் முகமூடி, அல்லது ஒன்றுமேயில்லை. கடந்தகாலத்துக்குச் சீருடை, நிகழ்காலத்துக்குச் சுதந்திரம். இறந்த காலத்தை ஆசிரியன் எழுதிவிட்டான், இப்போதிருப்பதை வாசகன் எழுதிக்கொள்கிறான் என்று இதைப் பாராட்டலாம். நானும் முதலில் அப்படித்தான் குறிப்பெழுதி வைத்திருந்தேன். இப்போது அந்தக் குறிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதேயில்லை. மன்னரின் ஆவி டீ-ஷர்ட்டைப் பார்க்கவில்லை. மற்றவர் பார்வையில் படாத உடை உடையாகுமா? அது கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்ப்பதோடு சரி. ஹாடெனோ கிராமத்துச் சாயக்கடையில் இருபது நாணயமும் ஐந்து பூவோ பழமோ கொடுத்தால் சட்டைக்குச் சாயம் ஏற்றித் தருவார்கள். பையன் மணிக்கணக்கில் அதைச் செய்வான். தவறில்லை. அர்த்தம் என்று நான் கேட்பது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அர்த்தம் இருக்கும் இடம் ஸோரா நாடு. ஸோராக்கள் நீரில் வாழும் மீன் மனிதர்கள். அவர்களின் இளவரசி மிஃபா, நூறாண்டுக்கு முன் இறந்த நால்வரில் ஒருத்தி. லிங்க் போய்ச் சேரும்போது மன்னர் டோரெஃபன் ஒரு கவசத்தைக் கொடுக்கிறார். ஸோரா இளவரசிகள் தாங்கள் மணக்கப்போகிறவனுக்குத் தம் கையால் கவசம் செய்வது வழக்கம். மிஃபா செய்து வைத்தது இது. அவளை இழந்ததற்கு லிங்கின் இனத்தையே வெறுக்கும் மூஸு என்ற முதியவருக்கு அவள் இவனை விரும்பினாள் என்பதை நம்ப முடியவில்லை. கவசம் இவன் உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தி நிற்பதே சாட்சியாகிறது.

அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தழையுடையைக் கையுறையாகக் கொண்டு வருவான். (கையுறை என்றால் இன்றைக்குக் கையில் மாட்டுகிற உறை, அன்றைக்குக் கையில் ஏந்தி வந்த பரிசு.) தோழி அதை ஏற்பதா மறுப்பதா என்பதில் காதலே தொங்கிக்கொண்டிருக்கும். ஸோரா நாட்டில் கொடுப்பவள் பெண், அவள் செத்தும் போய்விட்டாள். ஏற்பவனுக்கோ அவளை நினைவில்லை. கையுறை மட்டும் நூறாண்டு காத்திருந்து சரியான உடம்புக்கு வந்து சேர்கிறது. விளையாட்டில் எழுதப்பட்ட காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

சிக்கலும் இங்கேதான். இந்த விளையாட்டில் லிங்குக்குப் பொருந்தாத உடையே கிடையாது. பாலைவனப் பெண்களின் உடை பொருந்துகிறது, பறவை மனிதர்களின் ஊரில் வாங்கியது பொருந்துகிறது, பாழடைந்த கோயிலுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஏறுகால் காலணியும் பொருந்துகிறது. எல்லாமே பொருந்தும் ஓர் உலகத்தில், 'பொருந்துகிறது பார்' என்பது எப்படிச் சாட்சியாகும்? கதை சொல்வதை அமைப்பு மறுக்கிறது. நாலு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இது பிரதியின் ஓட்டை என்று எழுதி முடித்துவிடுவதுதான் சுலபம்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் அம்மா என்னைத் தையல்காரரிடம் அழைத்துப்போக மாட்டாள். போன வருஷத்துச் சட்டையை அளவுச் சட்டையாகக் கொடுத்தனுப்புவாள். 'ஒரு சுத்து கூட வைக்கச் சொல்லு, வளர்ற புள்ள' என்பாள். இன்றைக்குக் கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டையும் எனக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சட்டைக்கு என்னைத் தெரியாது. பொருந்துவது வேறு, அளவெடுத்துத் தைப்பது வேறு. மிஃபாவைப் பற்றிய நினைவுக் காட்சியில் அவள் லிங்கின் அடிபட்ட கையைத் தொட்டுக் குணப்படுத்துகிறாள். தொடுதலால் ஆற்றுவது அவளுடைய சக்தி. அளவுச் சட்டை இல்லாதவளுக்கு அந்தக் கைதான் அளவுகோல் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டின் எத்தனையோ உடுப்புகளுக்கு நடுவே, லிங்கின் உடம்பை மனதில் வைத்து அவனுக்கென்றே ஒருத்தி உட்கார்ந்து செய்தது என்று நெஞ்சில் தங்குவது இதுதான்.

அதற்கு அப்புறம் விளையாட்டு அதை என்ன செய்கிறது? அந்தக் கவசம் இருந்தால் அருவியில் எதிர்நீச்சலடித்து மேலே ஏறலாம். ஆக, காதல் அருவிக்குச் சாவியாகிவிடுகிறது. மூன்று உருப்படிகள் சேர்ந்தது அந்தத் தொகுதி. தலைக்கவசம் ஓர் ஏரியில் மூழ்கிக் கிடக்கிறது. காலுக்கானது லைனல் என்ற சிங்கமுக மிருகத்தைப் புகைப்படம் எடுத்துக்கொடுத்தால் கிடைக்கும் கூலி. மூன்றும் சரக்குப் பட்டியலில் ஒரே வரிசையில், ஒரே அளவுக் கட்டத்தில் இருக்கின்றன. எது காதல், எது ஏரி, எது கூலி என்று பட்டியலுக்குத் தெரியாது. தண்ணீரைத் தாண்டியதும் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்வோம். நான் கழற்றவில்லை. மலையிலும் பாலைவனத்திலும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன். 'ஏன் மாமா இதையே போட்டிருக்கீங்க, இங்க தண்ணியே இல்லையே' என்று பையன் கேட்டான். சொன்னால் புரியுமா என்று யோசித்துச் சும்மா இருந்துவிட்டேன்.

கடைசியாகக் கெருடோ. பாலைவன நகரம், பெண்கள் மட்டும், ஆண்களுக்கு அனுமதியில்லை. இங்கே கற்பனையின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கவே முடியாது. முகத்திரை, ஆனால் திறந்த வயிறு. மூடுவதும் காட்டுவதும் ஒரே துணியில். எட்வர்ட் ஸெய்த் 1978-இல் எழுதியதை வாசித்த யாருக்கும் இந்த உடையைப் பிரித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. 'ஒகரினா'வின் முதல் பதிப்பில் கண்ணாடிக் கேடயத்தின் மீது பிறையும் நட்சத்திரமும் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் எடுத்துவிட்டு வேறு சின்னம் போட்டார்கள். சின்னத்தை மாற்றினார்கள். உடையலங்காரத்தின் பார்வை அப்படியே இருந்தது.

நகருக்குள் போக லிங்க் பெண்ணுடை அணிய வேண்டும். பக்கத்துச் சந்தையின் மாடியில் விலியா என்பவர் விளையாட்டு நாணயத்தில் 600 வாங்கிக்கொண்டு தருகிறார். விலியாவும் பெண்ணுடையில் இருப்பவர். 'நீ ஆணா' என்று கேட்டால் கோபித்துக்கொண்டு பேச மறுப்பார். அழகாக இருக்கிறாய் என்றால்தான் வியாபாரம். வியாபாரம் முடிந்ததும் காற்றடித்து முகத்திரை விலகுகிறது; தாடி; லிங்க் திடுக்கிடுகிறான். இதற்குத்தான் நாம் சிரிக்க வேண்டும். தான் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன ஒருவரின் திரையைக் காற்றை விட்டு விலக்குவது நகைச்சுவையா? அதே நேரம் லிங்கின் பெண்வேடத்தைக் காமிரா அழகாக, ஆசையாகக் காட்டுகிறது. நாயகன் கட்டினால் வேடம், விலியா உடுத்தினால் மோசடி. நகர்ச்சுவருக்கு வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும் போஸாய் என்பவன் இந்த வேடத்தில் லிங்கைக் கண்டு வழிகிறான். மணலில் நடக்கும் காலணியும் பனியில் நடக்கும் காலணியும் அவனிடமிருந்துதான் கிடைக்கும், பெண்ணுடையில் போனால் மட்டும்.

வாசல் காவலாளிகள் மூன்று உருப்படிகளும் உடம்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். உள்ளே போய் ஒன்றைக் கழற்றினாலும் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். இதே விளையாட்டில் அரக்கர்களின் முகமூடியை மாட்டிக்கொண்டால் அரக்கர்கள் கிட்டே வந்து மோப்பம் பிடித்துவிட்டு நம்மாளு என்று விட்டுவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். பெண்களின் நகரத்துக்கும் அரக்கர் கூட்டத்துக்கும் ஒரே பூட்டு. மற்றமை என்றால் போர்வை போர்த்தி ஏமாற்றி நுழையலாம் என்ற கருத்துருவம் இங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிறுமியான தலைவி ரிஜு மட்டும் இவன் யார் என்று தெரிந்துகொள்கிறாள். அந்த ஓர் இடத்தில்தான் யாரோ உடையைத் தாண்டி அவனைப் பார்க்கிறார்கள்.

2023 மே 12-இல் வந்த அடுத்த பகுதி 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்'-இல் அந்தப் பெண்ணுடைத் தொகுதியே இல்லை. லிங்க் லிங்காகவே கெருடோ நகருக்குள் போகலாம். பழைய உதவிக்காக அவனுக்கு விலக்கு. குறையைத் திருத்திவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேடத்தை நீக்கியதோடு, ஓர் உடம்பு வேறு உடையில் வேறாக வாழ முடியும் என்ற சாத்தியத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். விலியாவைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு முதல் விளையாட்டில் அப்படியே கிடக்கிறது. என் லிங்கிடம் அந்த 600 நாணய உடை இன்னும் இருக்கிறது. பாலைவனப் பகலில் போட்டுக்கொண்டு போகிறேன், வெயில் தெரிவதில்லை.